ரிப்போர்ட் வரும்வரை: செஞ்சி வட்டாரமும் நோயுற்ற நாயும்

செஞ்சிக்கு மேற்கே, திருவண்ணாமலையையும் தாண்டித் தண்டராம்பட்டுப் பக்கம் எடத்தனூர் என்று ஓர் ஊர். அங்குள்ள பல்லவர் காலத்து நடுகல்லில் கருந்தேவகத்தி என்ற வீரனோடு அவன் வளர்த்த நாயும் நிற்கிறது. மாடு கவர வந்த கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாய். கோவிவன் என்று அதற்குப் பெயர். அதையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் வழியில் மண்டகப்பட்டில் குடைவரை குடைந்தவனும் இதே மகேந்திரன்தான். செஞ்சிக்கென்றே இன்னொரு கதையும் உண்டு. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட தேசிங்கு, அவன் தோழன் முகமது கான், குதிரை நீலவேணி. தோழனும் குதிரையும் அடங்கிய இடம் என்று நீலாம்பூண்டியை இன்றும் ஊரார் காட்டுவார்கள்.

வளர்த்த உயிரைப் பேர் சொல்லி நினைவில் வைப்பது இந்தச் சீமைக்குப் பழகிய சங்கதி. ஆனால் கல்லும் கதைப்பாட்டும் கொண்டாடுவது ஒரே நாளில், ஒரே மோதலில் முடிந்த வாழ்வை. நாலு மாதம் சோறு இறங்காமல் திண்ணை மூலையில் சுருண்டு கிடந்து போன நாய்க்கு யாரும் கல் நட்டதில்லை. இன்றைக்கு வீட்டு நாய்கள் போவது பெரும்பாலும் அப்படித்தான். அதற்கும் முந்திய ஒரு கட்டம் இருக்கிறதே, அது சாவைவிடக் கொடியது. ஏதோ பெரிதாக இருக்கிறது என்று தெரியும். என்ன என்று தெரியாது. டாக்டர் "பார்க்கலாம்" என்பார். ரத்தம் போயிருக்கும், ரிப்போர்ட் வந்திருக்காது. நாய் ஒரு வேளை தின்னும், அடுத்த வேளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வீட்டில் யாரும் சரியாகத் தூங்க மாட்டார்கள்.

இந்தக் கட்டுரை அந்தக் கட்டத்தைப் பற்றியது. வரக்கூடிய நோய்கள், போக வேண்டிய தூரம், பணம், மனசு, கடைசி முடிவு எல்லாம் இதில் வந்துதான் ஆக வேண்டும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "என் பிள்ளை பிழைக்குமா?" என்பது கடைசிக் கேள்வி. அதையே முதல் நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பதால்தான் இந்தக் காலம் இவ்வளவு நீளமாகத் தோன்றுகிறது. காய்ச்சல் இருக்கிறதா, ரத்தம் குறைந்திருக்கிறதா, கட்டிக்குள் என்ன இருக்கிறது என்கிற சின்னக் கேள்விகளுக்கு இரண்டொரு நாளில் விடை தெரியும். பலர் அவற்றைக் கேட்காமலேயே ஒன்று கையைக் கழுவிவிடுகிறார்கள், இல்லையென்றால் கடனை வாங்கிக் கார் பிடிக்கிறார்கள்.

செஞ்சி நெல்லும் ஆடும் விற்கிற ஊர். வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை, தீபாவளியோ பக்ரீத்தோ நெருங்கினால் கோடிக்கணக்கில் வியாபாரம் நடந்ததாகச் செய்தி வரும். இப்படிப்பட்ட ஊரில் அரசு கால்நடை டாக்டரின் நேரம் முதலில் கறவை மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான். கோமாரித் தடுப்பூசி, சினை ஊசி, கன்று சிக்கிக்கொண்ட பசு என்று அவருக்கு நாள் ஓடிவிடும். அதைக் குறை சொல்ல முடியாது. பசு போனால் ஒரு குடும்பத்தின் வரும்படியே போகிறது. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை ஊர்தியும் விவசாயியின் மாட்டை மனதில் வைத்து வந்ததுதான். அந்த வரிசையில் துண்டில் சுற்றிய நாயோடு நிற்கிறவருக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்கும். "நாய்க்கா?" என்று பக்கத்தில் ஆட்டோடு நிற்பவர் கேட்பார். அவசரத்தில் ஒரு டிரிப்ஸ், இரண்டு ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். சின்னக் கோளாறு என்றால் அதிலேயே சரியாகிவிடும். பெரிய கோளாறு என்றால் அந்த ஊசி இரண்டு நாள் தெம்பைக் கொடுத்து நோயை மறைத்துவிடும். நாம் ஏமாறுவது பெரும்பாலும் அந்த இரண்டு நாளில்தான்.

அடுத்த கட்டத்துக்கு வெளியூர் போக வேண்டும். திண்டிவனம் 28 கிலோமீட்டர். விழுப்புரமும் திருவண்ணாமலையும் ஏறக்குறைய 40. புதுச்சேரி 70க்குச் சற்று முன்பின். சென்னை 150க்கு மேல். புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி. 1989இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு அதுதான் தாய். எக்ஸ்ரே, ஸ்கேன், அறுவை, சிறுநீரகம் கெட்ட நாய்க்கு டயாலிசிஸ், விலங்குகளுக்கென்று ரத்த வங்கி வரை அங்கே உண்டு. செஞ்சிக்கு ரயில் இல்லை. திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலைப் பாதை பல ஆண்டுகளாகத் திட்டமாகவே கிடக்கிறது. பஸ்ஸில் நாயை ஏற்ற கண்டக்டர் சம்மதிக்க வேண்டும். வாடகைக் கார்தான் மிச்சம். பல வீடுகளில் சிகிச்சைச் செலவைவிடப் போக்குவரத்துச் செலவுதான் முதலில் மிரட்டுகிறது. 2025 ஜூலையில் மராத்திய ராணுவக் கோட்டைகளின் வரிசையில் செஞ்சிக்கோட்டையும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. உலகமே நம் ஊருக்கு வழி தேடுகிறது. நாய்க்கு ஸ்கேன் என்றால் நாம் வெளியூருக்கு வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.

இனி நோய்கள். புத்தகத்தில் நூறு இருக்கும். நம் பக்கத்து நாய்களைப் பொறுத்தவரை ஒன்றைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், உண்ணிக் காய்ச்சல். "இனிப் பிழைக்காது" என்று கைவிடப்படும் நாய்களில் எத்தனையோ, ஒரு கோர்ஸ் மாத்திரையில் எழுந்திருக்கக்கூடியவை என்பது இந்த நோயில்தான்.

பழுப்பு நாய் உண்ணி என்ற ஒரே வகை உண்ணி எர்லிக்கியா, பபீசியா என்ற இரண்டு நோய்க்கிருமிகளையும் சுமக்கிறது. எர்லிக்கியா வெள்ளணுவுக்குள் குடியேறும் பாக்டீரியா. பபீசியா சிவப்பணுவைத் தின்னும் ஒட்டுண்ணி. எர்லிக்கியாவை முதலில் கண்டது 1935இல் அல்ஜீரியாவில். தென்னிந்தியாவில் அது இருப்பதைச் சென்னைக் கால்நடை மருத்துவர்கள் 1940களிலேயே எழுதிவிட்டார்கள். உலகம் அதைப் பெரிதாகத் திரும்பிப் பார்த்தது வியட்நாம் போரின்போது. அமெரிக்க ராணுவத்தின் ஜெர்மன் ஷெப்பர்டுகள் மூக்கில் ரத்தம் வடிந்து நூற்றுக்கும் மேல் செத்தன. துப்பாக்கிச் சத்தத்துக்கு அஞ்சாத நாய்களை ஒரு உண்ணி சாய்த்துவிட்டது.

இங்கே அந்த நோய் வரும் விதம் இப்படி: முதலில் இரண்டு மூன்று நாள் மந்தம், காய்ச்சல், சோறு வேண்டாம். பிறகு தானாகவே தேறிவிடும். வீட்டாரும் மறந்துவிடுவார்கள். மாதங்கள் கழித்து உடம்பு இளைக்கும், ஈறு வெளுக்கும், வயிற்றுத்தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். ஒரு நாள் காலை மூக்கிலிருந்து ரத்தம். உடனே தெருவில் இரண்டு கட்சி கிளம்பும். ஒன்று "கேன்சர்" என்னும்; இன்னொன்று "யாரோ மருந்து வெச்சுட்டாங்க" என்று பக்கத்து வீட்டைப் பார்க்கும். இரண்டாவது கட்சி சொல்வதும் நடக்காததில்லை. ரத்தம் உறையவிடாத வகை எலி மருந்தைத் தின்ற நாய்க்கும் இப்படி ரத்தம் வரும்; அதற்கு வைட்டமின் கே1 என்ற மாற்று இருக்கிறது. ஆனால் உண்ணி ஏறிய நாயின் மூக்கில் ரத்தம் கண்டால் முதலில் பார்க்க வேண்டியது பிளேட்லெட். டெங்கு புண்ணியத்தில் அந்தப் பெயர் இன்று எல்லாருக்கும் தெரியும். காது நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் இழுத்து, சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தால் சிவப்பணுவுக்குள் பபீசியா பேரிக்காய் வடிவில் தெரியும். எர்லிக்கியா கண்ணில் படுவது அபூர்வம். அதற்கு ரத்த எண்ணிக்கையையும் சிறு கிட் பரிசோதனையையும் நம்ப வேண்டும். எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின், வழக்கமாக 28 நாள். ஆரம்பக் கட்டம் என்றால் ஒன்றிரண்டு நாளில் காய்ச்சல் இறங்கி நாய் வாலை ஆட்டும். அப்போதுதான் தவறு நடக்கிறது. ஆட்டியதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். பபீசியா என்றால் டாக்ஸிசைக்ளின் போதாது, மருந்தே வேறு. அதனால்தான் பார்க்காமல் கொடுக்கும் மாத்திரை பாதி வீடுகளில் பலிக்கும், பாதி வீடுகளில் பலிக்காது. எலும்பு மஜ்ஜை வரை போய்விட்ட முற்றிய எர்லிக்கியாவுக்கு உத்தரவாதம் கிடையாது. அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

உண்ணியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நாயின் மேல் நாம் பிடுங்குவது சொற்பம். ரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலில் ஏறி, ஆயிரக்கணக்கில் முட்டையிடும். கருங்கல் கட்டுச் சுவர், பூச்சு பெயர்ந்த மாட்டுக் கொட்டகை, சாக்குக் குவியல் எல்லாம் அதற்கு அரண்மனை. வெயில் காலத்திலும் மழை விட்ட உடனேயும் பெருகும். மண்ணெண்ணெய் தடவினால் நாயின் தோல்தான் வெந்துபோகும். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கண்ணளவாகக் கலந்து ஊற்றி, நாய் இழுத்துக்கொண்டு செத்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

கட்டிகளுக்கு வருவோம். கையில் தட்டுப்பட்ட கட்டி ஒரு வீட்டின் தூக்கத்தைக் கெடுப்பதுபோல வேறெதுவும் கெடுப்பதில்லை. வயதான நாய்களின் தோலுக்கடியில் வரும் மெத்தென்ற உருண்டைகள் பல வெறும் கொழுப்புக் கட்டிகள். ஆனால் தொட்டுப் பார்த்து அதைச் சொல்ல யாராலும் முடியாது, அனுபவமுள்ள டாக்டராலும். மெல்லிய ஊசியால் சில செல்களை உறிஞ்சிப் பார்ப்பது மயக்க மருந்துகூட இல்லாமல் சில நிமிடத்தில் முடியும் காரியம். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, ஒரு மாதத்துக்கு மேல் நின்றாலோ ஊசி போட்டுப் பார்ப்பது என்பதைப் புற்றுநோய் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் ஒரு கணக்காக வைத்திருக்கிறார்கள். நம்மிடம் "வலிக்கவில்லையே, இருக்கட்டும்" என்கிற கணக்குதான் இருக்கிறது.

பெண் நாய்க்கு முலைக்கட்டி. 1969இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று இன்றும் மேற்கோளாகிறது. முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த நாய்க்கு இந்தக் கட்டி வரும் வாய்ப்பு, செய்யாத நாயோடு ஒப்பிட 0.5 சதவீதம், ஒரு பருவம் கழிந்தால் 8, இரண்டு கழிந்தால் 26. ஆதாரம் போதுமானதாக இல்லை என்று 2012இல் ஒரு மறுபரிசீலனை சொன்னது. எண்ணில் தகராறு இருக்கட்டும். கருத்தடை செய்யாமல் விட்ட பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் கோத்துக்கொள்வதில் தகராறு ஏதுமில்லை. பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது, வயிறு ஊதுகிறது, சோர்ந்து கிடக்கிறது என்றால் அன்றைக்கே அறுவை மேசைக்குப் போக வேண்டியிருக்கும். அங்கே நாளை பார்க்கலாம் என்பது கிடையாது.

இன்னொரு கட்டி நம் தெருக்களுக்கே உரியது. இனச்சேர்க்கையில் நாயிலிருந்து நாய்க்குத் தொற்றும் புற்று. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏதோ ஒரு நாயின் உடலில் பிறந்த செல்கள்தான் இன்றும் உலகமெங்கும் உடல் மாறி உடல் வாழ்ந்துகொண்டிருக்கின்றன என்று மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிறப்புறுப்பிலிருந்து ரத்தம் சொட்டும், பூக்கோசு மாதிரி சதை தள்ளும். பார்க்கவே அருவருப்பாக இருப்பதால் வீட்டை விட்டே விரட்டிவிடுகிறார்கள். வின்கிரிஸ்டின் என்ற ஊசி, வாரம் ஒன்றாகச் சில வாரம் போட்டால் பெரும்பாலும் முழுதாகக் கரைந்துபோகும். புற்று என்ற பேரைக் கேட்டதும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. நிணநீர்க் கணுக்களில் வரும் லிம்ஃபோமா வேறு ரகம். மருந்து இல்லாவிட்டால் வாரங்கள். கீமோ கொடுத்தால் பல நாய்களுக்கு ஓராண்டு அளவில் நல்ல காலம் கிடைக்கும். முழுக் குணம் அரிது. அந்த ஓராண்டு வேண்டுமா என்பதை வீடுதான் முடிவு செய்ய வேண்டும்.

குட்டிகளின் பார்வோ, டிஸ்டெம்பர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசி போட்டிருந்தால் இந்தக் கவலை பெருமளவு வராது. போடாமல் பார்வோ வந்துவிட்டால் டிரிப்ஸ் ஏற்றும் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. சிறுநீரக நோயில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறியதாக ரிப்போர்ட் வரும்போது சிறுநீரகத்தின் முக்கால் பங்கு வேலை ஏற்கெனவே போயிருக்கும். அதனால்தான் "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துது" என்று எல்லாரும் சொல்கிறார்கள். எலி மூத்திரத்தால் பரவும் லெப்டோவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அது மனிதருக்கும் தொற்றும் என்பதால் நாயின் சிறுநீரைக் கழுவும்போது கையுறை வேண்டும்.

இனி, எல்லாவற்றிலும் நம்மைக் கட்டிப்போடும் ஒன்று. வெறிநோய். மற்ற நோய்களில் அன்பு நாயைக் காப்பாற்றும். இதில் அன்பு வீட்டாரைக் கொல்லும். எல்லா நாயும் கடிக்க ஓடி வராது. ஊமை வெறி என்றொரு வகை உண்டு. தாடை தொங்கும், எச்சில் வழியும், விழுங்க முடியாது. பார்க்கிறவருக்குத் தொண்டையில் எலும்பு சிக்கியதுபோலவே இருக்கும். பிள்ளையை வளர்த்த கை சும்மா இருக்குமா? வாய்க்குள் விரலை விட்டுத் துழாவுகிறார்கள். தடுப்பூசி போடாத நாய், திடீரென்று குணம் மாறிய நாய், சில வாரம் முன்பு தெருநாய்ச் சண்டையில் கடிபட்ட நாய் என்றால் வாய்க்குள் கை போகக் கூடாது. தனியாக அடைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். உயிரோடு இருக்கும் நாயிடம் வெறிநோயை நம்பகமாக உறுதி செய்யும் பரிசோதனை இல்லை. செத்த பிறகு மூளையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கடித்த நாய் பத்து நாள் நலமாக உயிரோடு இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம். ஆனால் கடிபட்டவர் அந்தப் பத்து நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் காயத்தைக் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்க வேண்டும். குன்னூர் பாஸ்டியர் நிலையம் 1907இல் தொடங்கியதற்குப் பின்னாலேயே, வெறிநாய் கடித்து 1902இல் இறந்த லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண்ணின் கதை இருக்கிறது. நூறாண்டுக்கு மேல் ஆகியும் அறிகுறி வெளிப்பட்டபின் காப்பாற்றும் மருந்து வரவில்லை.

ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் நாட்களில் வீட்டில் இருப்பவர் என்ன செய்வது? கூகுளில் தேடுவதைவிட உருப்படியான வேலை இருக்கிறது. நாய் அசந்து தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். முப்பதுக்குள் இருக்க வேண்டும். தினமும் தாண்டினால் இதயமோ நுரையீரலோ சொல்லும் சேதி அது. மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பு நல்லது, வெள்ளை என்றால் ரத்தமில்லை, மஞ்சள் என்றால் ஈரலோ பபீசியாவோ. விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். காய்ச்சலைத் தொட்டுப் பார்க்காதீர்கள். நாயின் உடம்பு இயல்பாகவே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்கு எப்போதும் சூடாகத்தான் இருக்கும். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் எதில் எழுதுவது? சுவரில் ராகுகாலம் பார்க்கத் தொங்குகிறதே, அந்த மாதக் காலண்டரின் கட்டத்திலேயே: "அரை இட்லி. தண்ணி அதிகம். மூத்திரம் காபி கலர். மூச்சு 26." "மூத்திரம் காபி கலர்" என்ற மூன்று சொல்லைப் பார்த்தாலே டாக்டருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். மூத்திரம் காபி நிறம் என்று நீங்கள் சொல்லாமல் அவருக்குத் தெரிய வழியே இல்லை.

செய்யக் கூடாதது ஒன்றும் உண்டு. நம் மாத்திரை டப்பாவிலிருந்து வலி மாத்திரை கொடுப்பது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் இரண்டும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் பாழாக்கும். பாராசிட்டமால் அளவு மிஞ்சினால் ஈரல் போகும். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வேண்டிக்கொள்கிறீர்களா, தேய்பிறை அஷ்டமியில் பைரவருக்கு விளக்குப் போடுகிறீர்களா, தாராளமாகச் செய்யுங்கள். திருநீறு பூசிய கையோடு டாக்டர் எழுதிய மாத்திரையையும் கொடுத்துவிடுங்கள்.

மனசு விஷயத்தில் நம் சமூகம் நாய் வளர்ப்பவருக்கு அவ்வளவு தயவாக இல்லை. "நாய்க்குப் போயா இப்படி?" என்ற ஒரு கேள்வியில் எல்லாம் அடங்கிவிடுகிறது. அழவும் முடியாது, லீவு கேட்கவும் முடியாது. சமூகம் துக்கம் என்று ஒப்புக்கொள்ளாத துக்கங்களைப் பற்றி அமெரிக்கர் கென்னத் டோகா 1989இல் எழுதினார். வளர்ப்பு விலங்கின் இழப்பு அந்த வகைக்கு எடுத்துக்காட்டாகவே ஆகிவிட்டது. கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மேரி பெத் ஸ்பிட்ஸ்நேகல் 2017இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருக்கமானது. தீராத நோயுள்ள விலங்கைப் பராமரிப்பவர்களிடம், முதியவரைப் பராமரிக்கும் குடும்பத்தாரிடம் காண்பது போன்ற சுமையும் சோர்வும் கவலையும் இருப்பதை அது அளந்து காட்டியது. அன்பு குறைந்ததால் அலுப்பு வருவதில்லை. இரவு இரண்டு மணிக்கு நாயைத் தூக்கி வெளியே விட்டு வருகிறவருக்கு அலுப்பு வரத்தான் செய்யும். வீட்டில் ஒருவர் தலையிலேயே எல்லாம் விழுவது நம் வழக்கம், பெரும்பாலும் அம்மா தலையில். நாயைக் கொண்டுவந்தது பையனாக இருப்பான். மாத்திரையைச் சோற்றில் ஒளித்து ஊட்டுவது அவளாக இருப்பாள். முறை வைத்துப் பிரித்துக்கொள்வது பாதி வைத்தியம்.

ரத்தன் டாடாவை 2018 பிப்ரவரியில் லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு அழைத்திருந்தார்கள். இன்றைய மன்னர், அன்றைய இளவரசர் சார்லஸ் கையால் வாழ்நாள் சாதனை விருது. தம் நாய்களில் ஒன்றுக்கு உடம்பு மோசம் என்று டாடா போகவில்லை என்பதை அவருடைய நண்பர் சுஹேல் சேத் பின்னால் சொன்னார். 2024இல், டாடா மறைவதற்குச் சில மாதம் முன்பு, மும்பை மகாலட்சுமியில் அவர் கனவு கண்ட சிறுவிலங்கு மருத்துவமனை திறந்தது. "பெரிய மனுஷன், அவருக்கென்ன" என்று சொல்லலாம். சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நாய்க்கு உடம்பு சரியில்லை என்பதை ஒரு காரணமாக வெட்கமில்லாமல் சொல்ல முடிந்த ஒரு மனிதரை நாடு பார்த்திருக்கிறது. கம்பெனிக்கு ஒரு நாள் லீவு போடுகிற செஞ்சிக்காரருக்கும் அந்தத் துணிச்சல் வரட்டும்.

பணத்தைப் பற்றிப் பேசுவதுதான் எல்லாவற்றிலும் சங்கடம். என் கருத்து கறாரானது. முதல் வாரத்திலேயே வீட்டில் உட்கார்ந்து ஒரு தொகையைப் பேசி முடித்துவிட வேண்டும், இதற்கு மேல் நம்மால் ஆகாது என்று. மனசு உடைந்த நிலையில், டாக்டர் மேசை முன்னால் நின்று எடுக்கும் பண முடிவு நல்ல முடிவாக இருப்பதில்லை. டாக்டரிடமும் அந்தத் தொகையைச் சொல்லலாம். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். எந்தப் பரிசோதனை வைத்தியத்தை மாற்றுமோ அதை மட்டும் எழுதிக் கொடுப்பார். "இந்த ரிப்போர்ட்டில் என்ன வந்தாலும் மருந்து மாறப்போகிறதா சார்?" என்று கேட்டுப் பாருங்கள். மாறாது என்றால் அந்தப் பரிசோதனை அவசியமில்லை. அரசுக் கல்லூரி மருத்துவமனையில் செலவு தனியாரைவிடக் குறைவு. நேரமும் பொறுமையும்தான் அங்கே கூடுதலாக வேண்டும்.

கடைசி முடிவு. நம் பக்கத்தில் "ஊசி போட்டுடலாமா?" என்று தணிந்த குரலில் கேட்பார்கள். அதைக் கேட்டவரைக் கொலைகாரர்போலப் பார்க்கும் பாட்டி எல்லா வீட்டிலும் இருப்பார். இந்தியாவில் இந்த வழக்கை வெளிப்படையாக நடத்தியவர் காந்தி. 1926இல் அகமதாபாத் ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய் தம் வளாகத்தில் சுற்றிய அறுபது தெருநாய்களைக் கொல்லச் செய்தபோது, வெறிநோய்ப் பயத்தைச் சொல்லி அவரை ஆதரித்து யங் இந்தியாவில் வரிசையாக எழுதினார். வசவு மூட்டை மூட்டையாக வந்தது. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று மீள முடியாத வேதனையில் கிடந்தபோது டாக்டரை வரவழைத்து ஊசி போட்டு அதை விடுவித்தார். அகிம்சையின் பேரால் மறுபடியும் வசவு. அந்த நாய்கள் விஷயத்தில் காந்தியோடு எனக்கு உடன்பாடு இல்லை. தடுப்பூசியும் கருத்தடையும் செய்யும் வேலையைக் கொலை செய்யாது. கன்று விஷயத்தில் அவர் பக்கம்தான் நிற்பேன்.

எப்போது என்பதுதான் கேள்வி. அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் அலிஸ் வில்லலோபோஸ் ஓர் அளவுகோல் வகுத்திருக்கிறார். வலி, பசி, தண்ணீர், சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயம், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். 35க்கு மேல் என்றால் தொடரலாம். மதிப்பெண்ணில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஏழாவது விஷயத்தில் இருக்கிறது. அதே காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு டிக், கெட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி போட்டு வந்தால் மூன்று வாரத்தில் கண்ணுக்கே தெரியும். இங்கே நாம் பெரும்பாலும் இரண்டு கோடிகளில் ஒன்றுக்குப் போய்விடுகிறோம். பிழைக்க வேண்டிய நாயைச் சீக்கிரம் கைவிடுகிறோம். போக வேண்டிய நாயை டிரிப்ஸ் ஏற்றி ஏற்றி நிறுத்திவைக்கிறோம். முடிவு எடுத்தால், முதலில் மயக்க மருந்து கொடுத்து நாய் உறங்கிய பிறகே அடுத்த ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பிள்ளைகளிடம் "ஊருக்கு அனுப்பிட்டோம்" என்று சொல்லாதீர்கள். அவர்கள் பல வருஷம் வாசலைப் பார்ப்பார்கள். சொந்த நிலம் இருந்தால் கிணற்றுக்குத் தள்ளி, தெருநாய் தோண்டாத ஆழத்தில் புதைக்கலாம். வெறிநோய்ச் சந்தேகம் இருந்தால் வெறுங்கையால் தொடாமல், கால்நடைத் துறைக்குச் சொல்லிவிட்டு அடுத்த காரியம்.

விழுப்புரம் மாவட்டக் கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு ஒரு விண்ணப்பம். செஞ்சியில் வாரம் ஒரு பிற்பகல், சந்தை கூடும் வெள்ளியைத் தவிர்த்து எந்த நாளானாலும் சரி, நாய்களுக்கென்று ஒதுக்கி, அன்றைக்கு ரத்தம் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்க ஓர் ஆளை உட்காரவைத்தால் போதும். பெரிய கட்டடம் கேட்கவில்லை. நாய் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: உங்கள் நாய் இன்றைக்கு நன்றாகத்தானே இருக்கிறது? அதன் எடையையும் தூங்கும்போது விடும் மூச்சின் எண்ணிக்கையையும் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதியையும் இன்றே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வேப்பேரிக்கோ குரும்பாபேட்டுக்கோ போக நேர்ந்தால் அந்த நோட்டையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்ச் சேருங்கள்.